ஐபோனில் ஸ்பாட்டிஃபை பிரீமியம் ஏன் வாங்க முடியலை? நம்ம பாக்கெட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஐபோனில் ஸ்பாட்டிஃபை செயலியைத் திறந்து பிரீமியம் எடுக்க முயன்றிருக்கீங்களா? பாட்டு எல்லாம் இருக்கும். பணம் கட்டும் பொத்தான் மட்டும் இருக்காது. இது கோளாறு இல்லை. பல ஆண்டுகளாக நடக்கும் ஒரு வியாபாரச் சண்டையின் விளைவு.

சண்டை எதற்கு?

ஆப்பிள் ஆப் ஸ்டோரின் வழக்கமான விதிப்படி, செயலிக்குள் கட்டும் சந்தாவில் முதல் ஆண்டு 30 விழுக்காடு, பிறகு 15 விழுக்காடு ஆப்பிளுக்குப் போகும். நீங்க 10 வெள்ளி கட்டினால் 3 வெள்ளி வாசலிலேயே கழிந்துவிடும். மீதியில்தான் பாடகருக்கும் இசை நிறுவனத்துக்கும் பங்கு. ஆப்பிள் மியூசிக்கிற்கு இந்தச் சுமை கிடையாது. அதன் முதலாளியே கடைக்கும் முதலாளி.

அதனால் 2016-இல் ஸ்பாட்டிஃபை செயலிக்குள் புதிய சந்தா எடுப்பதை நிறுத்தியது. "இணையத்தில் வாங்கினால் விலை குறைவு" என்று செயலிக்குள் சொல்லவும் விதி இடம் தரவில்லை.

நம்ம ஊர்க் கதை

பேராவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிக்கு இது புதுசு இல்லை. ஆட்கள் வேலைக்கு வரும் நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அந்தக் காலத்தில் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. சில தோட்டங்களில் கடையும் அவருடையதே. கடனுக்குச் சாமான், சம்பள நாளில் கழிவு. டவுன் தூரம் என்பதால் அங்கே என்ன விலை என்று ஒப்பிட்டுப் பார்ப்பது கஷ்டம். இன்று ஈப்போ நம் கைக்குள் இருக்கிறது. ஆனாலும் வேறு இடத்து விலையை மறைக்க ஒரு விதி போதும்.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

ஸ்பாட்டிஃபை 2019-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2024 மார்ச் 4-ஆம் தேதி ஆணையம் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. மலிவான வழி இருப்பதைப் பயனருக்குச் சொல்லவிடாமல் தடுத்ததே குற்றம்.

எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி அமெரிக்க நீதிமன்றம் வெளி இணைப்புகளைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சில நாளில் அங்குள்ள ஸ்பாட்டிஃபை செயலியில் விலையும் இணைப்பும் வந்தன.

ஆப்பிள் தரப்பு என்ன சொல்கிறது? பாதுகாப்பான கடையை நடத்தச் செலவு உண்டு; ஸ்பாட்டிஃபை எங்களுக்குக் கமிஷனே கட்டாமல் ஐரோப்பாவில் முதலிடத்தில் இருக்கிறது என்கிறது. இதிலும் நியாயம் உண்டு. ஸ்பாட்டிஃபை ஒன்றும் ஏழை அல்ல. ஆனால் கமிஷன் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, விலையை மறைக்கலாமா என்பது வேறு கேள்வி.

மலேசியாவில்?

ஐரோப்பா, அமெரிக்கா தீர்ப்புகள் இங்கே செல்லாது. நம்மிடம் 2010-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் இருக்கிறது. சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை அதன் 10-ஆவது பிரிவு தடுக்கிறது. அபராதம் உலகளாவிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை போகலாம். மலேசியப் போட்டி ஆணையமான மைசிசி, டிஜிட்டல் பொருளாதாரம் பற்றிய ஆய்வில் கைப்பேசி இயங்குதளத்தையும் கட்டண முறையையும் சேர்த்திருக்கிறது. ஆய்வு வேறு, நடவடிக்கை வேறு. கவனிக்க வேண்டியது அடுத்த படியைத்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

எந்தச் சந்தா எடுக்கும் முன்பும் அதன் இணையதளத்தில் விலையைப் பாருங்க. 2023 ஜூலையில் அமெரிக்காவில் யூடியூப் பிரீமியம் விலை உயர்ந்தபோது இணையத்தில் 13.99 டாலர், ஐபோன் செயலிக்குள் 18.99 டாலர். அதே பாட்டு, அதே காணொளி. மாதம் 5 டாலர் வித்தியாசம். ஏற்கெனவே செயலி வழியாகக் கட்டுறீங்கன்னா, கைப்பேசியின் சந்தாப் பட்டியலைத் திறந்து ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க.