தொலைவும் வாடகைதான்

மகனுக்கோ மருமகனுக்கோ திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது என்றவுடன் நம் குடும்பங்களில் ஓர் ஆலோசனைக் கூட்டம் கூடிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர் அதில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திண்டுக்கல்லிலோ பள்ளபட்டியிலோ கடையநல்லூரிலோ அமர்ந்துகொண்டு, திருப்பூரை இரயில் சன்னல் வழியாக மட்டுமே கண்டிருக்கும் பெரியவர்கள், அவர் குடியிருக்க வேண்டிய இடத்தை முடிவு செய்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. நம்மவர்கள் வாழும் பகுதியா? வாடகை குறைவா? இவ்விரண்டுக்கும் ஆம் என்ற விடை வந்துவிட்டால் ஃபாத்திஹா ஓதிக் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள். கம்பெனி எந்தச் சாலையில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளாக இவ்வூரில் அரபு மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். பெரியவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பவனல்லன். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் தம் பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே தீங்கு செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஊரின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். திருப்பூரின் நடுவே நொய்யல் ஆறும் இரயில் பாதையும் கிழக்கு மேற்காகச் செல்கின்றன. வடக்கிலிருந்து தெற்கே போகிறவர் இவ்விரண்டையும் தாண்டியாக வேண்டும். காலையிலும் மாலையிலும் அப்பாலங்களில் நிற்கும் வாகனக் கூட்டத்தைக் கண்டவர்களுக்குத்தான் இதன் பொருள் விளங்கும். 1925-ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பவர் தொடங்கிய பின்னல் தொழிற்கூடத்திலிருந்துதான் இத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் தொடங்குவது வழக்கம். அன்று தொழில் ஊரின் நடுப்பகுதியில் நடந்தது. தொழிலாளியும் அதன் அருகிலேயே குடியிருந்தார். இன்று காதர்பேட்டை சில்லறைக்கும் மொத்தத்துக்கும் பனியன் விற்கும் சந்தையாக நிற்கிறது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களோ பெருமாநல்லூர்ச் சாலை, அவிநாசிச் சாலை, பல்லடம் சாலை, தாராபுரம் சாலை, காங்கயம் சாலை என்று எல்லாத் திசைகளிலும் பரவிவிட்டன. நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா ஊருக்கு வடக்கே எட்டிவீரம்பாளையத்தில் இருக்கிறது. வேலை இடம் பெயர்ந்துவிட்டது. நம் பெரியவர்களின் மனத்திலுள்ள திருப்பூர் மட்டும் இரயில் நிலையத்தைச் சுற்றியே நின்றுகொண்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எந்த மஹல்லாவை விட்டு விலகக் கூடாதென்று இவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்களோ, அதே மஹல்லா உருவானதற்கு ஒரு பெருங் காரணம், அந்நாளில் வந்த நம் முன்னோர் வேலைக்கு நடந்துபோகும் தொலைவில் குடியேறியதுதான்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், மனைவியுடனும் ஏழு வயது மகளுடனும் இங்கே வந்தார். கணவருக்குப் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கட்டிங் பிரிவில் வேலை. மனைவிக்கு அதே இடத்தில் செக்கிங். ஊரிலிருந்த மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று மங்கலத்தில் வீடு பிடித்தார்கள். மங்கலம் நம்மவர் மிகுந்து வாழும் ஊர். பள்ளிவாசல் உண்டு, பிள்ளைகள் ஓதுவதற்கு இடமுண்டு. வாடகையும், கம்பெனிக்கு அருகே கேட்டதைவிட இரண்டாயிரம் ரூபாய் குறைவு. ஆனால் அவ்வூர் திருப்பூருக்கு மேற்கே இருக்கிறது, கம்பெனியோ வடக்கே. ஊருக்குள் வர ஒரு பேருந்து, அங்கிருந்து பெருமாநல்லூர்ச் சாலையில் இன்னொரு பேருந்து. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் போக ஒரு மணி, வர ஒரு மணி.

திருப்பூரின் நாள் மற்ற ஊர்களின் நாளைப் போன்றதன்று. காலை எட்டரைக்குத் தொடங்கினால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்டு முடியும். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்டு. ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் ஒன்றரை ஷிப்டுதான் வழக்கமாகிவிடும். அத்தம்பதியர் காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதரைக்குத் திரும்பினார்கள். நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து வரும் சிறுமி பூட்டிய கதவின் படியில் அமர்ந்திருந்தாள்.

இனிக் கணக்குக்கு வருவோம். நாளுக்கு இரண்டு மணி நேரம், இரண்டு பேர், மாதத்தில் இருபத்தாறு வேலை நாள். ஆக 104 மணி. எட்டு மணிக்கு ஒரு ஷிப்டு என்று வகுத்தால் 13 ஷிப்டு. வாடகையில் மிச்சமானது 2,000 ரூபாய். அதாவது ஒரு ஷிப்டு உழைப்பை 154 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். எந்தக் கம்பெனியாவது இந்தக் கூலியைச் சொன்னால் நம் பெரியவர்கள் கொதித்தெழமாட்டார்களா? கம்பெனிக்காரர் கேட்டால் சுரண்டல். நாமே பிள்ளையைத் தள்ளிவிட்டால் சிக்கனமோ?

சிலர் மறுப்பார்கள். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லையே என்பார்கள். உண்மைதான், நல்ல திட்டந்தான். கட்டணம் இல்லாமற்போனதே தவிர, சாலையின் நீளம் குறையவில்லை. கம்பெனி வேன் வருமே என்பார் வேறு சிலர். வேன் அதன் நேரத்துக்கு வரும். கூடுதல் வேலை முடிந்த பிறகே திரும்பும். உடம்பு சரியில்லை, ஐந்தரைக்கே போக வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு அந்த வேன் என்ன உதவி செய்யும்? நடந்து போகும் தொலைவில் வீடிருப்பவர்தாம் ‘இன்று ஒரு ஷிப்டு போதும்’ என்று சொல்லும் துணிவுடையவர்.

அடுத்து மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் வாதம். வீட்டைப் பார்க்குமுன் அண்டை வீட்டாரைப் பார் என்ற பொருளில் ஓர் அரபு வாசகம் நம் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகிறது. அதை நபிமொழியாகவே பலர் எடுத்துரைக்கிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை வல்லுநர் கூறியிருப்பதை அவர்கள் சொல்வதில்லை. போகட்டும், கருத்து நல்லதுதான். ஆனால் அண்டை வீட்டார் என்ற சொல்லுக்கு நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்று பொருள் கொள்ள எந்த அகராதியில் இடமிருக்கிறது? அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்ப விசாரித்த செய்தி திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமைக்கு அவர்கள் கொண்ட பொருள் அது.

இன்னொன்றையும் நான் கண்ணால் கண்டேன். நல்ல அண்டை வீட்டார் வேண்டுமென்றே மங்கலத்துக்குப் போன என் மாணவருக்கு, ஐந்து மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியவில்லை. இருட்டில் போய் இருட்டில் வருகிறவருக்கு எந்த மஹல்லாவும் வெறும் படுக்கும் இடந்தான். ஜமாஅத்தாய்த் தொழுதது வெள்ளிக்கிழமை ஜும்ஆ மட்டுமே. அதுவும் கம்பெனிக்கு அருகிலுள்ள பள்ளியில்!

மகளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் கிடந்தபோது அந்தப் பெண்மணி வேலையை விட்டு நின்றுவிட்டார். ஒரு சம்பளம் போயிற்று. அப்போதுதான் என்னிடம் வந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூர்ச் சாலையின் இரு பக்கத் தெருக்களிலும் அவரோடு நானும் நடந்தேன். எனவே அடுத்துச் சொல்வதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. ஏழு வீட்டில் இல்லை என்றார்கள். நால்வர், பெயரைக் கேட்டதும் ‘இப்பத்தான் வேறொருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாருங்க’ என்றார்கள். வாசலில் வாடகைக்கு விடும் பலகை தொங்கிக்கொண்டே இருந்தது. இருவர் அசைவம் ஆகாது என்றனர். ஒருவர் காரணமே சொல்லவில்லை. இது அநியாயம், அநியாயமென்றே சொல்வேன். எட்டாவது வீட்டில், விசைத்தறி வைத்திருந்தவரின் கைம்பெண்ணான ஒரு மூதாட்டி, ‘நாங்களும் கறி ஆக்குறவங்கதானுங்க. வாடகை தேதிக்கு வந்துட்டாச் சரிங்க’ என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். ஐந்து லைன் வீடுகள் கொண்ட காம்பவுண்டு அது. ஒன்றில் விருதுநகர்க் குடும்பம், ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் நால்வர். சிறுமி இப்போது பள்ளிவிட்டு வந்து அம்மூதாட்டியின் திண்ணையில் பாடம் எழுதுகிறாள். ‘அம்மிச்சி’ என்று அழைக்கிறாள். தாய் மீண்டும் செக்கிங்குக்குப் போகிறார். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்து, லுஹரும் தொழுது திரும்புகிறார்.

ஏழு வீட்டில் மறுத்தார்கள் என்பதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, அதனால்தான் நம்மவர் பகுதி’ என்று சொல்ல வருவோருக்கு ஒரு கேள்வி. இவனுக்கு வேறெங்கும் வீடு கிடைக்காது என்று தெரிந்துகொண்டே வாடகையை ஏற்றும் வீட்டுக்காரர் நம் பகுதிகளில் இல்லையா? எந்த ஊர், எந்த ஜமாஅத், எந்தக் கொள்கை, தர்காவுக்குப் போகிறவரா போகாதவரா என்று விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவர் நம்மில் இல்லையா? பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, பக்கத்து ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிற தொழிலாளிக்கு வீடு கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்? பிறர் நமக்குச் செய்வதை நாம் இவர்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளின் ஓதல் என்ன ஆவது என்று கேட்டால், அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. மங்கலத்தில் அச்சிறுமி நாள்தோறும் மக்தபுக்குப் போனாள். இப்போது ஞாயிறு மட்டும் என்னிடம் வருகிறாள். மற்ற நாளில் தாய் கற்றுக்கொடுக்கிறார். இழப்பு இழப்புதான். ஆனால் இரவு ஒன்பதரைக்கு வரும் தாய்க்கு அதுவும் இயலாதே.

போக்கியத்தைப் பற்றியும் பேச வேண்டும். மாத வாடகை வேண்டாம், மொத்தமாக மூன்று இலட்சமோ ஐந்து இலட்சமோ கொடுத்துவிட்டால் குடியிருந்துவிட்டுப் போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு. பெண்ணின் நகையை விற்று மாப்பிள்ளைக்குப் போக்கிய வீடு பிடித்துக் கொடுப்பது நம் குடும்பங்களில் பெருமையாகவே கருதப்படுகிறது. கொடுத்த பணம் கடன்; அக்கடனுக்காக வீட்டை இலவசமாக அனுபவிப்பது ஆதாயம். கடனால் விளையும் ஆதாயம் வட்டியின் வகை என்பது ஃபிக்ஹு படித்த எவரும் அறிந்த சட்டம். பிற்கால ஹனஃபி அறிஞர் சிலர் ‘பைஉல் வஃபா’ என்ற பெயரில் இதை ஒத்த ஓர் ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்ததை நான் மறைக்கவில்லை. அந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே நுழையப் போவதுமில்லை. உலகியலாகவே பாருங்கள். போக்கியப் பணம் ஆளை ஒரே தெருவில் கட்டிப்போடுகிறது. திருப்பூரின் வேலையோ ஓரிடத்தில் நிற்பதன்று. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில், கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தவறிய சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது எத்தனையோ பேர் வேலையிழந்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த சுங்கம் 50 விழுக்காட்டுக்கு உயர்ந்தபோது ஏற்றுமதியாளர் ஆர்டருக்குத் தவித்தார்கள். இத்தகைய நாளில் பல்லடம் சாலையில் வேலை போய் அவிநாசிச் சாலையில் கிடைத்தால், வாடகை வீட்டுக்காரர் ஒரு வண்டி பிடித்து மாறிவிடுவார். போக்கிய வீட்டுக்காரரோ, உரிமையாளர் வேறொருவரிடம் போக்கியம் பிடித்துப் பணத்தைத் தரும் வரை காத்திருக்க வேண்டும்.

மாத வாடகைக்கே போகிறவரும் வாய்ச்சொல்லை நம்பிப் போகக் கூடாது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதற்கில்லை என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தரச் சொல்கிறது. ‘வேறு விதமாக’ என்ற அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாத முன்பணம் நுழைகிறது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் நீண்ட ஆயத்தை மனப்பாடமாக ஓதுகிற நாம், வீட்டு ஒப்பந்தத்தைக் கேட்கக் கூச்சப்படுவது விந்தை!

அருகிலுள்ள வீடு என்பதற்காகச் சாயப்பட்டறையின் சுவரை ஒட்டிய வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடமன்றிப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டுக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.

சென்ற வாரம் ஊரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மகனுக்குத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலையாம். ‘ஹஜ்ரத், பெரியதோட்டம் பக்கம் நம்மாளுங்க வீடா ஒன்னு பார்த்து வையுங்க’ என்றார். பார்க்கிறேன், கம்பெனி எந்தச் சாலையில் என்று கேட்டேன். மகனிடம் விசாரித்துச் சொல்வதாகக் கூறினார். இன்னும் அழைக்கவில்லை.