குட்டைக் குதிரைகளை வாங்க யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் மினியேச்சர் குதிரைகள் பற்றிய கட்டுரை அருமை, படங்கள் அதைவிட. ஆனால் சந்தை நிலவரம் பற்றி ஒரு வரிகூட இல்லையே! 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் அங்கே குதிரை விலை விழுந்தது, காப்பகங்கள் நிரம்பின. 30 ஆண்டுகூட வாழும் பிராணி இது. தீனி, குளம்பு சீவுதல், பல் வைத்தியம் எல்லாம் அத்தனை காலத்துக்கும் வேண்டும்.

அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் உயர வரம்பு 34 அங்குலம். அதற்கும் கீழே போகும் ஆசையில் குள்ளத்தன்மை மரபணுவும் கூடவே பரவியது. அதைச் சுமக்கும் ஆணும் பெட்டையும் சேர்ந்தால், நான்கில் ஒரு வாய்ப்பு: வளைந்த கால்களும் மூச்சுத்திணறலுமாக ஒரு குட்டி, அல்லது கருச்சிதைவு. ரோமத்தை வைத்தே கண்டறியும் சோதனை வந்துவிட்டது. அதைச் செய்யாமல் பொலிக்கு விடுவதற்குச் சாக்கே கிடையாது. பொலிக்குத் தேர்வாகாத ஆண் குட்டிகளைக் காயடித்துவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், குட்டியை வாங்கப்போகிறவரின் முன்பணம் கையில் வராமல் பெட்டையை இணை சேர்க்கவே கூடாது. சினைக்காலம் 11 மாதம். அதற்குள் மனம் மாறுகிறவர்கள் வேறு! பணம் கட்டியவர்கள் அவ்வளவு எளிதில் மாற மாட்டார்கள்.

அடுத்த முறை காப்பகங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– கால்நடை மருத்துவர் ஒருவர், நாமக்கல்