கரணையை எங்கே நடுவது?

பக்கத்து ஊரில், ஊர்த்தெரு மண்டபத்தில், பசுந்தீவன வளர்ப்புப் பயிற்சி முகாம் நடந்தது. கறவை மாட்டுக் கடன் பற்றிச் சொல்ல வங்கியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். வந்த அதிகாரி நன்றாகவே பேசினார். கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் கரணையைத் தூக்கிக் காட்டினார். நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளைக்கு ஒரு அறுப்பு, ஏக்கருக்கு வருசம் 150 டன் வரை வரும் என்றார். முன்வரிசை நாற்காலிகள் தலையாட்டின. வாசலுக்கு வெளியே நின்றிருந்த சேரிப் பெண்களில் ஒரு அம்மா கேட்டார்:

"சாரு, கரணை குடுக்கறீங்க, சந்தோசம். அத எங்க நடறது? கூர மேலயா?"

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாய் நின்றுபோனது.

2011-ல் தமிழக அரசு விலையில்லா ஆடு திட்டம் கொண்டுவந்தது. நிலமில்லாத ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு. நல்லது. தீவனப்புல் திட்டங்களை எடுத்துப் பாருங்கள். பாசன வசதியோடு நிலம் இருந்தால்தான் கரணையும் மானியமும். அதாவது, ஆடு வாங்க நிலம் இருக்கக் கூடாது. புல் வளர்க்க நிலம் இருக்க வேண்டும். இதைத் திட்டம் போட்டவர்கள் யாரும் வரப்பில் புல் அறுத்தவர்களாக இருக்க முடியாது.

நானும் யோக்கியன் இல்லை. கடன் கேட்டு வருகிறவர்களிடம் 'பசுந்தீவனத்துக்கு என்ன ஏற்பாடு?' என்று கேட்டு எழுதுவது என் வேலை. நிலம் உள்ளவர் சர்வே நம்பர் சொல்வார். நம்ம சனம் வந்தால், 'வெளியில் அறுத்துக்கொள்வார்' என்று நானே எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த 'வெளி' என்னவென்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

இங்கே எழுதுகிறேன். வெளி என்றால் ஆண்டையின் வரப்பு. எங்க ஆயா இருட்டோடு கருக்கருவாளை எடுத்துக்கொண்டு கிளம்பும். வரப்புப் புல்லுக்குக் காசு கிடையாது. ஆனால் விலை உண்டு. அவன் கூப்பிட்ட அன்றைக்குக் களையெடுக்கப் போக வேண்டும், அவன் சொன்ன கூலிக்கு. வழியில் நிறுத்தி, "கட்டப் பிரிச்சி ஒதறு, உள்ள கதிரு கீதா பாப்பம்" என்பான். அருவாளைப் பிடுங்கி வைத்துக்கொள்வான். வயசுப் பெண்ணைத் தனியாகப் புல்லுக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊருக்கும் சேரிக்கும் தகராறு என்றால் ஊர் போடுகிற முதல் உத்தரவு என்ன? "எவளும் வரப்புல கால் வைக்கக் கூடாது." மாடு மூணு நாள் கத்தினால் சேரி இறங்கிவரும் என்பது அவர்களுக்குத் தெரியும். செத்த மாட்டைத் தூக்க நம்மைக் கூப்பிட்ட ஊர், உயிரோடு இருக்கிற நம் மாட்டைக் காட்டி நம்மைப் பணியவைக்கிறது.

இப்போது வரப்பிலும் புல் இல்லை, களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுகிறார்கள். அறுப்புக்குப் போனால் கிடைத்த கைப்பிடி வைக்கோலும் போயிற்று. மெசின் அறுக்கிறது, இன்னொரு மெசின் கட்டுகிறது, லாரி ஏற்றிப் போகிறது.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூக்காத இளஞ்சோளத்தை மாட்டுக்குப் போட்டால் விசமாகும் என்று எங்க ஆயாவுக்குத் தெரியும். அதற்கு ஹைட்ரோசயனிக் அமிலம் என்று பேர் இருப்பது தெரியாது. வெறும் புல்லை மட்டும் போடாமல், மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசாலோ குதிரைமசாலோ அகத்தியோ சேர்த்தால் புண்ணாக்குச் செலவு குறையும் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. மானாவாரி மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் ஏற்றவை, வேலியோரம் கிளிரிசிடியா வைக்கலாம். எல்லாம் வேண்டும். ஆனால் பாடம் சேரியில் நடக்க வேண்டும், பெண்களை உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொண்டு. அதற்குமுன் மண் வேண்டும்.

எவ்வளவு மண்? கணக்குப் போடுகிறேன், என் பிழைப்பே கணக்குதான். ஏக்கருக்கு 150 டன் என்றால் 10 சென்டுக்கு 15 டன். தண்ணீர் குறைந்து பாதிதான் விளைந்தது என்றே வையுங்கள், நாளைக்கு 20 கிலோ. ஒரு கறவை மாட்டின் பசுந்தீவனத்தில் பெரும்பகுதி தீர்ந்தது. முப்பது மாட்டுக்கு மூணு ஏக்கர் போதும். எரு வெளியே வாங்க வேண்டாம். இன்றைக்கு நம் எருக்குழிச் சாணம் வண்டி வண்டியாக அவர்கள் நிலத்துக்குப் போகிறது. அது நம் புல்லுக்கே போகட்டும்.

அந்த மூணு ஏக்கர் இல்லாத ஊரா? தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி என்று இருக்கிறது. நேரில் போனால் ஒருவரின் தென்னந்தோப்பு, இல்லாவிட்டால் சீமைக் கருவேலங்காடு. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892-ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கே போனது? காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபரில், போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களைக் கொடுத்தோம்.

புல்லுக்காக நிலம் கேட்டு வென்றவர்கள் உண்டா என்றால், உண்டு. பஞ்சாபில் தலித்துகள் மக்கள் தொகையில் 32 சதவீதம், இந்தியாவிலேயே அதிகம். நிலமோ கைப்பிடி. கிராமப் பொதுநிலம் பற்றிய 1961 சட்டத்தின் கீழ் வந்த விதிப்படி, பஞ்சாயத்துச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்கே குத்தகை விட வேண்டும். ஜாட் நிலவுடைமையாளர்கள் தங்கள் பண்ணையாளை ஏலத்தில் நிறுத்தி அதையும் தின்றார்கள். 2014-ல் சங்ரூர் மாவட்டத்து தலித்துகள் 'ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி' என்று திரண்டார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள். ஜாட் வயலில் புல் அறுக்கப் போய்ப் பட்ட அவமானத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். தடியடி, வழக்கு, ஊர்விலக்கம். 2016-ல் ஜலூர் கிராமத்தில் தாக்கப்பட்ட ஒரு மூதாட்டி இறந்தே போனார். நிலம் பிடித்த ஊர்களில் கூட்டாகச் சாகுபடி செய்து, ஒரு பகுதியில் தீவனம் விதைத்து வீட்டுக்கு வீடு பங்கிட்டார்கள்.

நாம் கேட்க வேண்டியது இதுதான். ஊர் ஊராக மேய்க்கால் புறம்போக்கை அளந்து, ஆக்கிரமிப்பை எடுத்து, நிலமற்ற தலித் பெண்கள் குழுவுக்குத் தீவனம் வளர்க்க நீண்டகாலக் குத்தகைக்கு விடு. புல்லுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் புல்தானே வளர்க்கப் போகிறோம்? கிராமப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. மானியத்துக்கு 'சொந்த நிலம்' என்ற நிபந்தனையை எடுத்து, குழுவின் குத்தகைச் சீட்டை ஏற்றுக்கொள். அந்தச் சீட்டு வந்தால் வங்கிப் படிவத்தில் நானும் பொய் எழுத வேண்டியதில்லை.

அடுத்த முகாம் நம் ஊர்ப்பக்கம் நடந்தால் தோழர்கள் தவறாமல் போங்கள். நம்ம பெண்களை வாசலில் நிற்கவிடாதீர்கள், உள்ளே கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவையுங்கள். கரணையை வாங்கிக்கொண்டு அந்த அம்மா கேட்டதையே கேளுங்கள். பதில் வருகிறவரை எழுந்திருக்காதீர்கள்.