எப்ப நடப்பான்?

ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறா. மகனுக்கு இரண்டரை வயது. பெருமூளை வாதம், எல்லாரும் சொல்லுகிற சி.பி. இரண்டு காலும் விறைப்பு. கிழமையில் ஒருநாள் தெரபி. "மிச்ச ஆறு நாளும் சும்மா போகுது. இந்தியாவுக்குக் கொண்டுபோய் எண்ணெய் வைத்தியம் செய்வம் எண்டு அம்மா ஒற்றைக்காலில நிக்கிறா. ஒட்சிசன் அறைக்குள்ள வைச்சா நடப்பானாம் எண்டு மாமி வீடியோ அனுப்புறா. இவன் எப்ப நடப்பான் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லுகினம் இல்லை."

கடைசிக் கேள்வியை முதலில் எடுப்பம். அதற்கு ஓரளவுக்கேனும் பதில் இருக்கு, அது உருவானதும் இங்கே பக்கத்தில்தான். ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கான்சைல்ட் ஆய்வு நிலையம் 1997இல் சி.பி. பிள்ளைகளின் அசைவை ஐந்து நிலைகளாக வகுத்தது. முதலாம் நிலைப் பிள்ளை தானாக நடக்கும், ஓடும். இரண்டாம் நிலைப் பிள்ளையும் நடக்கும், படியேறக் கைபிடி வேணும். மூன்றில் வோக்கர் போல ஒன்றைப் பிடித்து நடக்கும். நான்கில் பெரும்பாலும் சக்கர நாற்காலி. ஐந்தில் இன்னொருவர் தள்ளிக்கொண்டு போக வேணும். பிறகு ஒன்ராறியோவிலேயே 657 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வளர்ச்சிக் கோடு வரைந்து 2002இல் வெளியிட்டார்கள். குழந்தையின் நிறையைப் பார்த்துக் கோடு கீறுவார்களே, அது மாதிரி.

ஆகவே அடுத்த முறை தெரபிஸ்டிடம் "எப்ப நடப்பான்?" என்று கேட்காமல், "இவன் எத்தனையாம் நிலை?" என்று கேளுங்கோ. இரண்டு வயதுக்கு முன் சொல்லுகிற இலக்கம் பிறகு மாறக்கூடும். உங்கள் மகனின் வயதில் அதைக் கூடுதலாக நம்பலாம். அந்த இலக்கம் வீட்டில் அழுகையைக் கொண்டு வரலாம், அதை மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் தெரியாமல் இருக்கிறதுக்கு இன்னும் கூட விலை கொடுக்க வேண்டி வரும். வீடியோக்காரர் பிழைக்கிறதே அதில்தான்.

ஒட்சிசன் அறையைப் பற்றி மாமிக்குச் சொல்ல ஒரு கதை இருக்கு. கியூபெக்கில் 111 சி.பி. பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அழுத்தம் கூடிய ஒட்சிசனும் மற்றதுக்குச் சற்றே அழுத்திய வெறும் காற்றும் கொடுத்தார்கள். 2001இல் முடிவு வந்தது. இரண்டு குழுவும் ஒரே அளவில்தான் முன்னேறியிருந்தன. வெறும் காற்றுக் குழுவும் முன்னேறினதைப் பாருங்கோ. வீடியோவில் எழும்பி நிற்கிற பிள்ளை பொய் இல்லை, காரணம்தான் வேறு.

எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. உடம்பு இளகும், பிள்ளை சிரிக்கும், அம்மம்மாவுக்கும் நிம்மதி. இரவில் குளிக்க வார்த்த பிறகு தேய்க்கட்டும். ஆனால் படுத்திருக்கிற பிள்ளையின் காலை இன்னொருவர் நீவுவதாலோ இழுப்பதாலோ மட்டும் நடை வராது. பிள்ளை தானே ஆசைப்பட்ட ஒன்றை, தானே, பல தரம், அதைச் செய்ய வேண்டிய இடத்திலேயே செய்து பழக வேணும். ஆய்வுகளில் நல்ல பலன் காட்டுகிறது இந்த வகைப் பயிற்சிதான்.

உங்கள் மிச்ச ஆறு நாள் இங்கேதான் இருக்கு. ரெக்ஸ்டேலில் இருந்து பேவியூ பக்கம் ஹொலண்ட் புளூர்வியூவுக்கு பஸ், சப்வே, பிறகும் ஒரு பஸ். ஒரு மணித்தியாலத் தெரபிக்கு அரை நாள் போயிடும். வீட்டில் அப்படி இல்லை. அவனுக்குப் பிடித்த காரை சோபாவின் மேல் வையுங்கோ, தரையில் வேண்டாம். எழும்பி நின்று எடுக்கட்டும். காற்சட்டை போடக் குட்டி ஸ்டூலில் இருத்துங்கோ, கால் தரையில் படவேணும். இடியப்பத்தைக் குழைத்து ஊட்டாமல் பிய்த்துக் கையில் கொடுங்கோ. விழுவான், சிந்துவான், அரை மணித்தியாலம் எடுப்பான். அம்மம்மாவுக்கு இதுதான் பெரிய சோதனை, ஏனெண்டால் தூக்கித் தூக்கித் திரிகிறதுதான் அவவின் பாசம்.

இந்தியா என்று கதை வந்ததால் இதையும் சொல்லுகிறேன். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கு. விபத்தொன்றில் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அவர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பி, தாய்க்கும் பாட்டிக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கேயே வீட்டைத் தேடித்தான் போகிறார்கள் என்றால், நீங்கள் ரிக்கெட் போட்டுப் போய் என்னத்துக்கு?

அவசரம் உண்மைதான். அந்தக் கோடுகள் முதல் ஐந்து வருசத்திலேயே ஏறவேண்டியதில் பெரும்பகுதி ஏறிவிடும், மிகக் கடுமையான நிலையில் மூன்று வயதுக்குள். அதற்குப் பிறகு கை வேலை, பேச்சு, படிப்பு, கருவியை ஓட்டுகிற கெட்டித்தனம் எல்லாம் தொடர்ந்து வளரும். வோக்கர் கொடுத்தால் பிள்ளை சோம்பேறியாகும் என்கிற கதையை நம்பாதேங்கோ. கோவிலில் ஆக்கள் பார்ப்பினம் என்று அதைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகிறதும் வேண்டாம். வோக்கர், சக்கர நாற்காலி, கால் பிரேஸ் இவற்றின் விலையில் 75 வீதத்தை ஒன்ராறியோ அரசின் உதவிக் கருவித் திட்டம் கொடுக்கும். தெரபிஸ்ட் படிவம் நிரப்ப வேணும்.

இன்னொன்று, இடுப்பு மூட்டு. சி.பி. பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது மெல்ல விலகும், தொடக்கத்தில் வலிக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். எப்போது எடுப்பது என்று கேட்டு நாளைக் குறித்து வாங்குங்கோ.

அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. நீங்கள் வேலைக்குப் போனபிறகு பகல் முழுக்கப் பிள்ளையோட நிக்கப் போறது அவதானே.