ஓட்டக் கற்றவர் காக்கவும் கற்கட்டும்!

கொல்கத்தாவில் மா மேம்பாலம் இறங்கிக் கிழக்குப் புறவழிச்சாலையைத் தொடும் இடம், மாலை வேளையில் நெரிசலுக்குப் பெயர்போனது. அண்மையில் தில்லி திரும்புவதற்காக விமான நிலையம் சென்றுகொண்டிருந்தபோது, எங்கள் வாடகைக் காருக்குச் சற்று முன்னால் சென்ற மோட்டார் சைக்கிள் ஒன்று சறுக்கி விழுந்தது. ஓட்டிவந்த இளைஞர் சாலைத் தடுப்பில் மோதிக் கிடந்தார். அவரது தொடையிலிருந்து ரத்தம் பெருகிக்கொண்டிருந்தது.

கூட்டம் கூட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் உதவத்தான் வந்தார்கள். ஒருவர் தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயிலும் ஊற்றப் பார்த்தார். வேறு இருவர் கையையும் காலையும் பிடித்து, மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி ஓரத்தில் கிடத்தினர். ரத்தம் வழிந்த இடத்தில் மட்டும் யாருடைய கையும் படவில்லை. கடைசியில், வெள்ளைச் சீருடையில் ஓடிவந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர்தான் தன் கைக்குட்டையை மடித்துக் காயத்தின்மீது வைத்து, அவசர ஊர்தி வரும்வரை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தார்.

நானும் அங்கே நின்றிருந்தேன். விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, பத்திரிகையாளர் மாடத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தவன் நான். அந்தச் சட்டப்பிரிவின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால், ரத்தம் கொட்டும் ஒரு மனிதரின் முன்னால் என் கைகள் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. அன்று வெட்கப்பட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இந்த விஷயத்தில் நமது சட்டம் கடந்துவந்த தூரம் சிறிதல்ல. ஸ்கூட்டரில் சென்று காரில் அடிபட்ட ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்தது. போலீஸ் வழக்குக்குரிய காயங்களுக்குச் சிகிச்சை அளிக்க அனுமதி பெற்ற மருத்துவமனை 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கே போய்ச் சேருவதற்குள் அவர் இறந்துவிட்டார். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில்தான், உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பின்னரே என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்த பாடம் கொல்கத்தாவிலிருந்தே வந்தது. 1992 ஜூலை மாதம், மதுராபூர் ரயில் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கி அன்றைய கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. ஓரிடத்தில் படுக்கை இல்லை, இன்னோரிடத்தில் வசதி இல்லை. முடிவில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவு செய்துதான் அவர் பிழைத்தார். பச்சிம் வங்க கேத் மஜ்தூர் சமிதி தொடுத்த அந்த வழக்கில், 1996 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவசர சிகிச்சை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் அங்கம், அதை மறுக்க நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது என்றும் கூறியது.

மருத்துவமனையின் கதவை இவ்விரு தீர்ப்புகளும் திறந்தன. ஆனால், காயமடைந்தவரை அந்தக் கதவு வரை கொண்டுசெல்ல ஆள் வேண்டுமே! காவல்நிலையமும் நீதிமன்றப் படிகளும் நினைவுக்கு வர, மக்கள் ஒதுங்கிப் போனார்கள். 'சேவ்லைஃப்' அறக்கட்டளை 2013-இல் நடத்திய ஆய்வில், 74 சதவீதம் பேர் உதவ முன்வர மாட்டோம் என்ற மனநிலையில் இருந்தது தெரியவந்தது. அதே அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக 2015-இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவற்றுக்குச் சட்டத்துக்கு நிகரான வலுவை அளித்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது, பாதிக்கப்பட்டவர் இறந்தாலும்கூட, உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்பது அதன் சாரம். 2020-இல் வந்த விதிகள், உதவியவர் தம் பெயரையோ முகவரியையோ தரும்படி போலீஸாரோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன. இந்த உரிமைகளை எழுதி மருத்துவமனை வாயிலில் வைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன.

பணத்துக்கும் வழி பிறந்திருக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கி, விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்றது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவிக்கை செய்த திட்டம், நாடு முழுவதும் ஏழு நாள்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வகை செய்கிறது. அடிபட்டவரை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 2021-இல் 5,000 ரூபாயாக இருந்த பரிசு, 2025-இல் 25,000 ரூபாயாக உயர்ந்தது.

இத்தனையும் தேவையானவை, வரவேற்க வேண்டியவை. ஆயினும், இவை அனைத்தும் ஒரு மனிதரைத் தூக்கிச் செல்வதைப் பற்றியே பேசுகின்றன. தூக்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க எவரும் இல்லை.

விபத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தைச் சட்டம் 'பொன்னான நேரம்' என்று வரையறுத்திருக்கிறது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தவருக்கும் மூச்சு அடைபட்டவருக்கும் அந்த ஒரு மணி நேரம் வாய்ப்பதில்லை. அவர்களுக்கு உள்ளவை சில நிமிடங்களே. கொல்கத்தா காவல்துறை விபத்து மீட்புக்கென்றே 'கர்மா' என்ற பெயரில் ஊர்திகளை இயக்கியிருக்கிறது. தமிழகத்தில் 2008 முதல் 108 ஊர்திகள் ஓடுகின்றன. எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த ஊர்தி, விழுந்த இடத்தில் ஏற்கெனவே நிற்பவரை முந்த முடியாது.

மா மேம்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 2015-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தில், காற்றாடியின் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் காயமடைந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. சென்னைவாசிகளுக்கும் இந்தக் கொடுமை புதிதல்ல. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் இத்தகைய நூலை நாடு முழுவதும் தடை செய்தது. கழுத்தில் காயம்பட்டவர் பாலத்தின் நடுவில் விழுந்தால், அடுத்த வண்டியில் வருபவர்தான் அவருக்கு மருத்துவர். மூச்சுக்குழாய் நெரியாதபடி காயத்தின்மீது மட்டும் துணியை வைத்து அழுத்தத் தெரிந்த ஒரு கை அங்கே இருக்கிறதா என்பதே கேள்வி.

தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. முதலில், பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும். அவசர ஊர்திக்குச் சொல்ல வேண்டும். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாது அழுத்த வேண்டும். துணி நனைந்தால் எடுத்துவிடாமல் அதன்மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். மூச்சு சீராக இருந்தால் தலைக்கவசத்தைத் தொடாமல், தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு நின்றிருந்தாலோ வாந்தியால் அடைபட்டிருந்தாலோ மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்கிக்கொள்ள மற்றவர் மெல்லக் கழற்றலாம். நினைவிழந்தும் மூச்சு இருப்பவரை, தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மூச்சே இல்லையென்றால் நடுமார்பில் நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் வலுவாக அழுத்த வேண்டும். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. தீ போன்ற ஆபத்து இருந்தாலொழிய இழுத்து நகர்த்தக் கூடாது.

ஒரே நாளில் பழகக்கூடிய இந்தப் பயிற்சியை நாம் எங்கே கொடுக்கிறோம்? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளைப் புரட்டினால் வியப்பாக இருக்கிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்தைக் கூறும் 31-ஆவது விதியில் முதலுதவி ஒரு தனிப்பகுதியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆனால், மோட்டார் சைக்கிள் ஓட்ட உரிமம் கேட்பவர் பயிற்சிப் பள்ளிக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணனிடமோ நண்பரிடமோ ஓட்டப் பழகியவர் நேரே ஆர்.டி.ஓ. அலுவலகம் வரலாம். அங்கே பழகுநர் உரிமத் தேர்வில், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை என்ன என்ற கேள்வி உண்டு. அந்தக் கடமையை நிறைவேற்றத் தெரியுமா என்று எவரும் சோதிப்பதில்லை. எட்டுப் போட்டுக் காட்டினால் போதும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தமிழகத்தில் மட்டும் அந்த ஆண்டு சாலை விபத்துகளில் 17,884 பேர் மாண்டனர். அதிகம் சாகிற கூட்டமே, அதிகம் சாலையில் இருக்கிற கூட்டமும் ஆகும். ஒரு மோட்டார் சைக்கிள் விழும்போது முதலில் வண்டியை நிறுத்தி இறங்குபவர் பெரும்பாலும் இன்னொரு மோட்டார் சைக்கிள்காரர்தான். ஆகவே, பயிற்சி அவரிடமிருந்து தொடங்குவதே முறை. ஜெர்மனியில் முதலுதவி வகுப்பை முடிக்காதவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஒரே நாளில் முடிந்துவிடும் வகுப்பு அது. நமது விதிகளில் ஒரு திருத்தம் செய்ய எத்தனை நாள் ஆகிவிடும்?

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். சான்றிதழ் கட்டாயம் என்றால், அதுவும் தரகரிடம் விலைக்குக் கிடைக்கும் இன்னொரு காகிதமாகிவிடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். எனவே, காகிதத்தைக் கேட்க வேண்டாம், கைகளைச் சோதிப்போம். எட்டுப் போட்டு முடித்தவர், அதே மைதானத்தில் ஒரு பொம்மையின்மீது ரத்தக்கசிவை நிறுத்திக் காட்டட்டும். ஐந்து நிமிடத் தேர்வு அது. கற்பிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் நம் நாட்டில் இருக்கின்றன.

அரைகுறை அறிவு ஆபத்து என்பது இன்னோர் ஆட்சேபம். அறிவே இல்லாத கைகள் இன்று கழுத்தொடிந்தவரைத் தூக்கி ஆட்டோவில் திணித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதைவிட அரைகுறை அறிவு மேல்.

சட்டத்தின் பாதுகாப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். 2018-இல் எடுத்த ஆய்வில் 84 சதவீதம் பேர் அதை அறிந்திருக்கவில்லை. உரிமத் தேர்வில் இதையும் சேர்த்தால் ஒரே வகுப்பில் அச்சமும் போகும், அறியாமையும் போகும். போக்குவரத்துத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கையில் எடுக்கலாம். தமிழக உறுப்பினர்கள் அவையில் எழுப்பலாம். விபத்துகளின் எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்துக்கு அந்தப் பொறுப்பு கூடுதலாகவே உண்டு.

அந்தக் கொல்கத்தா இளைஞரைச் சுமந்துகொண்டு அவசர ஊர்தி கிளம்பிய பின்னும், காவலர் தன் கைகளைத் துடைத்தபடி நின்றிருந்தார். இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பயிற்சியில் சொல்லித் தந்தார்கள் என்றார். தில்லி திரும்பியதும் நானும் ஒரு முதலுதவி வகுப்பில் சேர்ந்தேன். ஒரு நாள் போதுமானதாக இருந்தது. ஐம்பதை நெருங்கும் ஒரு பத்திரிகையாளனால் கற்க முடிந்ததை, பதினெட்டு வயதில் உரிமம் கேட்டு வரும் இளைஞர் கற்க மாட்டாரா? கற்பிக்க அரசு முன்வர வேண்டும், அவ்வளவே.