உருளைக்கிழங்கு ஏன் தித்தித்தது?

"ஏம்மா, வறுவல்லே சர்க்கரை போட்டியா?" என்று மாமியார் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கு ஏழு வருஷமாக நீரிழிவு. காப்பிக்கே சர்க்கரை போடாத நான் கறிக்கா போடுவேன்? ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். நிஜமாகவே தித்தித்தது! ஓரமெல்லாம் வேறு கருகல். அவர்கள் மோர்ச்சாதத்தோடு எழுந்துவிட்டார்கள். வேணுமென்றே செய்தேன் என்று நினைத்தார்களோ என்னவோ, ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

தாவர இயல் படிக்கும் என் பெண் லீவுக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. "கிழங்கை எங்கேம்மா வெச்சிருந்தே?" என்றாள். ஃப்ரிஜ்ஜில்தான்! மலிவாகக் கிடைத்ததென்று ஐந்து கிலோ வாங்கி, முளை விடக் கூடாதே என்று மூன்று வாரமாக உள்ளே அடைத்திருந்தேன்.

பறித்த பிறகும் கிழங்குக்கு உயிர் உண்டு, மூச்சு விடுகிறது. அதற்குள் என்ஸைம்கள் என்கிற நொதிகள் வேலை செய்தபடியே இருக்கின்றன. குளிரில் எல்லா நொதியும் மந்தமாகும். ஆனால் ஒரே மாதிரி அல்ல. சர்க்கரையைச் செலவழிக்கும் நொதிகள் ரொம்பச் சோர்ந்துவிடும். மாவுச்சத்தை உடைப்பவை அவ்வளவாகச் சளைப்பதில்லை. போதாததற்கு, 'இன்வர்டேஸ்' என்ற நொதியைக் கிழங்கு அதிகமாகவே தயாரித்துக்கொள்கிறது. அது சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கிறது. சுமார் 8 டிகிரிக்குக் கீழே போனாலே இந்தக் கூத்து ஆரம்பம். ஃப்ரிஜ்ஜிலோ 4 டிகிரி!

சர்க்கரை கரைந்த நீர் லேசில் உறையாது. உருளைக்குப் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அங்கே குளிருக்குக் கேட்பானேன்? பிறந்த வீட்டுப் பழக்கம் யாரைத்தான் விட்டது!

எண்ணெயில் கருகுவதற்கும் அந்தக் குளுக்கோஸ்தான் காரணம். கிழங்கிலுள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து கருக்கிறது. கூடவே அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உண்டாவதை 2002-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள். சிப்ஸ் போடுவதற்கென்றே சர்க்கரை குறைவான 'குஃப்ரி சிப்சோனா' ரகங்களை நம் சிம்லா உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-ல் கொடுத்திருக்கிறது.

மீதிக் கிழங்கைக் கூடையில் கொட்டி, வெளிச்சம் படாத, காற்றாடும் மூலையில் வைத்தேன். இரண்டு வாரத்தில் தித்திப்பு பெரும்பாலும் போயிற்று; நொதிகள் பழையபடி சர்க்கரையைச் செலவழித்தும், மாவாக்கியும் விட்டன. (மாவும் வயிற்றுக்குள் போனால் சர்க்கரைதான். அதனால் நீரிழிவுக்காரர்களுக்கு அளவாகவே பரிமாறுங்கள்.)

பெண் பாட்டியிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். "அப்போ சர்க்கரை போட்டது கிழங்கேதானா?" என்று சிரித்தவர்கள், என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் கத்தரிக்காய் பண்ணு" என்றார்கள்.