பத்தமடைப் பாயும் தபால் ஆபீஸும்

வயல்ல முளைக்கிற கோரை எனக்குக் களை. புடுங்கிப் புடுங்கியே இடுப்பு ஒடிஞ்சு போவும். பாய்க்கோரை வேற ஜாதி. தாமிரபரணிக் கரையில அறுத்து, காயவச்சு, நாரு நாரா கீறி, ஓடுற தண்ணியில ஊறப்போட்டு, மறுபடி காயவச்சு, அப்புறம்தான் தறிக்கு வரும். பத்தமடையில லெப்பை வீட்டுப் பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா நெய்யுற பாய் அது. பட்டுப் பாய்னா ஒண்ணு முடிக்கவே வாரக்கணக்கா ஆகும். புவிசார் குறியீடும் வாங்கியாச்சு.

போன மாசம் நெல்லு விஷயமா அந்தப் பக்கம் போனப்ப, தெரிஞ்ச ஒரு அக்கா வீட்டுல உக்காந்து டீ குடிச்சேன். வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் போட்டோ பாத்துட்டு ரெண்டு பாய் கேட்டிருக்காராம். "அண்ணாச்சி, பாய் நெஞ்சுருவேன். அனுப்புததுதான் தெரியல"ன்னு சொன்னாவ. கடைசில வழக்கமா எடுக்குற வியாபாரிகிட்டயே குடுத்துட்டாவ.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். ஏற்றுமதிக்கு வேண்டிய ஐ.இ.சி. நம்பர் 500 ரூபாய்க்கு ஆன்லைன்லயே கிடைக்கி. மாவட்டத்துக்கு ஒரு பொருள்னு திட்டம் இருக்கு. தபால் மூலமா சரக்கு அனுப்ப 'டாக் கர் நிர்யாத் கேந்திரா'ன்னு தபால் துறையே ஆரம்பிச்சிருக்கு. ஆனா ஐ.இ.சி.க்கு பான் கார்டு, பேங்க் கணக்கு, ஈமெயில் எல்லாம் வேணும். புவிசார் குறியீட்டைப் போட்டு விக்கணும்னா நெசவாளி தனியா பேரு பதியணும். அத்தனையும் இங்கிலீசுல. படிச்ச புள்ள இல்லாத வீட்டுல யாரு பாப்பா?

அதனால லாபம் எல்லாம் பாரம் அடிக்கத் தெரிஞ்சவனுக்குப் போவுது, பாய் அடிக்கத் தெரிஞ்சவளுக்கு இல்ல.

டெல்லியில கண்காட்சி, ஸ்டால் வாடகைக்கு மானியம்னு குடுக்கிறது நல்லதுதான். ஆனா வீட்டையும் தறியையும் விட்டுட்டு ஒரு வாரம் டெல்லிக்குப் போவ யாருக்கு முடியும்? எனக்குத் தோணுறது மூணே காரியம். வாரம் ஒரு நாள், ஊர் தபால் ஆபீஸ்ல தமிழ்ல பேசி பாரம் நிரப்பித் தர ஒரு ஆளு. பாய் வித்த பிறகு இல்ல, தறியில ஏத்துற அன்னைக்கே கைச்செலவுக்கு முன்பணம். மூணாவது, ஆத்தங்கரை. மணலும் கரையும் போயிட்டா கோரை ஏது? கோரை இல்லாம எந்த நாட்டுக்கு எதை ஏத்துமதி பண்ண?

விவசாயிக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. நெல்லுக்கும் கோரைக்கும் ஒரே ஆத்துத் தண்ணிதான். நடுவுல ஆளு இருந்தா விளைய வச்சவன் கையில என்ன மிஞ்சும்னு எனக்கும் தெரியும்.

அடுத்த தடவ சென்னையில பத்தமடைப் பாய் வாங்குனீங்கன்னா, விலை கேக்கிறதோட சேத்து நெஞ்சவங்களுக்கு எவ்வளவு போவுதுன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.